மஞ்சள்கருக் கூலி

முட்டையை உடைத்து வெள்ளையை ஒரு சட்டியிலும் மஞ்சளை ஒரு சட்டியிலும் பிரித்துப் போடுகிற வேலைக்கு ஒல்லாந்தர் கோட்டையில் தனியாகக் கூலி கிடையாது. வெள்ளை கோட்டைக்கு, மஞ்சள் பிரித்தவளுக்கு. அதுதான் பேச்சு. பேசி முடித்தவர்கள் ஆண்கள். குனிந்து உட்கார்ந்து உடைத்தவர்கள் பெண்கள்.

கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. சுவருக்கும் மேல்தளத்துக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளையைக் கலந்து கல்லால் இழைத்தால்தான் சுவர் சங்கு மாதிரி வழவழத்து நிற்கும், ஈரம் உள்ளே இறங்காது. அந்தச் சாந்தில் மஞ்சள் கொஞ்சம் விழுந்தாலும் போச்சு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பூச்சு சுவரைப் பிடிக்காது. அதனால் பழவேற்காட்டைச் சுற்றியிருந்த குப்பங்களிலிருந்து கை நடுங்காத பெண்களாகப் பார்த்துப் பொறுக்கி, கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள்.

தோணிரேவுக் குப்பத்து ஜெயம்மாவுக்கு வயது இருபத்திரண்டு. வாய்க்கு மட்டும் நாற்பது இருக்கும். கட்டிக்கொடுத்த ஊரில் ஆறு மாதம் இருந்து பார்த்தாள். மாமியார் அடித்தாள், புருஷன் அடித்தாள், ஒருநாள் கொழுந்தனும் கையை ஓங்கினான். அன்றைக்கே தோணி ஏறித் திரும்பி வந்துவிட்டாள். குப்பம் முழுக்க ஏன் வந்தாய் என்று கேட்டது. கேட்காமல் சோறு போட்டவன் அண்ணன் நீலமேகம் ஒருத்தன்தான்.

கொட்டகையில் அவளுக்குப் பக்கத்து இடம் கைருன் பீவிக்கு. அவள் வாப்பா ஒரு காலத்தில் மலாக்கா வரைக்கும் கப்பலில் சரக்கு கொண்டுபோனவர். கப்பல் போய்விட்டது. இப்போது கைருனும் அவள் புருஷன் அபூபக்கரும் கோழி வளர்த்து, கோட்டைக்கு முட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்து இவளும் உடைப்பாள்.

கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்குமா? ஆறு வயதிலிருந்து மீனும் நண்டும் அறுத்த கை ஜெயம்மாவுடையது. எந்த உயிரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதன் முட்டையில் மஞ்சள் எவ்வளவு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதற்கு மதிப்புப் போடுவாள்.

"மட்டிக்கு மஞ்சளே கெடையாதுக்கா. தண்ணில பால் கரைச்ச மாதிரி வுட்டுட்டுப் போய்டும். குஞ்சுக்கு ஒரு வாய் கட்டுச்சோறு இல்ல. மறுநாளே வெளிய வந்து தானா தேடித் தின்னணும்."

"தவளைக்கு?" என்றாள் கைருன்.

"தவளைக்குப் பாதி. மேல கறுப்பு, கீழ வெளுப்பு. சோத்து மூட்டையக் கீழ வச்சிக்கினு மேல உக்காந்து வளரும். நண்டு, இறாலுக்கு மஞ்சள் நட்டநடுவுல, குஞ்சு அதச் சுத்தி வளரும். கோழியும் ஆமையும் இருக்குதே, அதுங்க ராஜா வூட்டுப் புள்ளைங்க. பெரிய உருண்டையா மஞ்சள், குஞ்சு அதுமேல ஒரு பொட்டு. உள்ளயே இருந்து மொத்தத்தையும் தின்னு முடிச்சிட்டு, கையும் காலுமாத்தான் வெளிய வரும்."

"நீ எந்த முட்டைடி?"

"நானா? மட்டி."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள் கைருன். கொட்டகை சிரித்து அடங்க நேரமாயிற்று.

மாசி மாதம் கோழிகளுக்குக் கழிச்சல் வந்தது. நாலு நாளில் பழவேற்காட்டில் கூண்டுகள் காலி. கைருன் வீட்டில் மூன்று கோழி மிஞ்சியது. முட்டை வரத்து நின்றது. ஆனால் கிடங்கு வேலை நிற்கக் கூடாது. கடல் தாண்டி ஒல்லாந்தரின் பத்தாவியா பட்டணத்துக்குப் போகிற கப்பல் வருவதற்குள் முடித்துவிடுவதாகக் கோட்டைத் தலைவர் கப்பித்தானிடம் வாக்குக் கொடுத்திருந்தவர் துபாஷி சுப்பராயலு. கோட்டையில் இருக்கிறவர்களுக்கும் ஊரில் இருக்கிறவர்களுக்கும் நடுவில் பேசுவதுதான் அவர் தொழில். பேச்சோடு நிற்காமல் முட்டை, சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய் எல்லாம் வாங்கிப் போடுகிற பொறுப்பையும் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். பரம்பரையாகச் சைவம். முட்டை பட்ட கூடை வேட்டியில் உரசினாலே வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுகிற ஆள்.

அவர்தான் நீலமேகத்தைக் கூப்பிட்டு விட்டார்.

"கடக்கரை மணல்ல பங்குனி ஆமை முட்டை போடுதாமே. தோண்டித் தோண்டிக் கொண்டா நைனா. கூடை கூடையா வேணும்."

கொட்டகையில் இருந்த ஜெயம்மா எழுந்து வந்தாள். "ஐயா, அது ஆவாது. ஆமை முட்டை வெள்ளைய எவ்ளோ நேரம் அவிச்சாலும் கட்டாது. தண்ணியாத்தான் நிக்கும். சாந்துல போட்டா புடிக்காது."

"முட்டைன்னா முட்டைதானேம்மா. உள்ள மஞ்சள், வெளில வெள்ளை. இதுல இன்னா பெரிய வித்தியாசம்?"

"நீங்க தின்னுருக்கீங்களா?"

சுப்பராயலு முகத்தைச் சுளித்தார். "சீ! காலங்காத்தால இன்னா பேச்சு பேசுற!"

தின்னாதவர் பொறுப்பில் முட்டை, தெரிந்தவள் பொறுப்பில் சட்டி. இதுதான் அந்தக் கோட்டையின் லட்சணம். கடலோரத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் ஆமை முட்டை எப்படிப்பட்டது என்று சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை. கப்பித்தானுக்குக் கோழி முட்டை தவிர வேறு முட்டை தெரியாது. துபாஷிக்கு எந்த முட்டையும் தெரியாது.

நீலமேகம் கொண்டுவந்தான், பெண்கள் உடைத்தார்கள். ஆமை முட்டையில் மஞ்சள்தான் பெரும்பங்கு. பேச்சுப்படி அது பெண்களுக்கு. தோணிரேவில் வீட்டுக்கு வீடு மஞ்சள் கிண்டி, மஞ்சள் வறுத்து, மஞ்சளில் குழம்பு வைத்து, கடைசியில் பிள்ளைகள் அதைப் பார்த்தாலே ஓடத் தொடங்கின. பூனைகூட முகர்ந்துவிட்டுத் திரும்பியது.

கிடங்கு முடிந்தது. மருந்துப் பீப்பாய்களை உள்ளே உருட்டி அடுக்கினார்கள். கப்பலும் வந்து கடலில் நங்கூரம் போட்டது. பங்குனியில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கோடை மழை மாலையில் பிடித்து ஒரு நாழிகை கொட்டியது. அந்த ஒரு நாழிகையில் கிடங்கின் பூச்சு மோர் மாதிரி வழிந்து இறங்கியது. மேல்தளம் ஒழுகி, பீப்பாய்கள் நனைந்து, மருந்து களியாகிப் போனது.

மறுநாள் விடிந்ததும், ஆகாத முட்டை கொடுத்த குற்றம் என்று நீலமேகத்தைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார்கள்.

சேதி சொல்ல வந்தவள் கைருன். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"கப்பல்ல ஏத்தப் போறாங்களாம்டி. பத்தாவியாவுக்கு. மேற்குக் காத்து எழும்பினதும் பாய் விரிச்சிடுவாங்களாம். மூணு நாளோ நாலு நாளோ."

பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள் என்றால் என்ன என்று அந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சத்தில் பிடித்தவர்கள், கடனில் பிடித்தவர்கள், குற்றம் என்று சொல்லிப் பிடித்தவர்கள் என்று ஒவ்வொரு கப்பலிலும் அடைத்துக் கொண்டுபோனார்கள். போனவன் அடிமை. திரும்பி வந்தவன் என்று ஒருத்தன் பெயரை ஜெயம்மா கேள்விப்பட்டதில்லை.

அவள் அழவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு கோட்டைக்கு நடந்தாள். கைருன் பின்னாலேயே ஓடினாள்.

கப்பித்தான் இடிந்த முகத்தோடு கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோட்டை வைத்தியர் ஜான், ஒல்லியான மனிதர், கழுத்தில் ஒரு சிறிய பூதக்கண்ணாடி தொங்கியது. நடுவில் சுப்பராயலு. கப்பித்தானுக்கும் துபாஷிக்கும் இடையே ஓடியது பறங்கிப் பாஷையான போர்த்துகீசு. கைருனின் வாப்பா கப்பலில் கற்று வந்து வீட்டில் பேசிய பாஷை. அவளுக்குக் காதில் ஏறும், நாக்கில் வராது.

"துபாஷி ஐயாதான் ஆமை முட்டை கொண்டாரச் சொன்னாரு. ஆவாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். எங்க அண்ணன் மேல தப்பு இல்ல" என்றாள் ஜெயம்மா.

சுப்பராயலு குனிந்து நீளமாக ஏதோ சொன்னார். கப்பித்தானின் முகம் இன்னும் கறுத்தது.

கைருன் அவள் முழங்கையைக் கிள்ளினாள். "நீ சொன்னத அவரு சொல்லலடி. மஞ்சள் உங்களுக்குத்தானே சேரும், அதுக்கு ஆசப்பட்டு ஆமை முட்டையாப் பாத்துக் கொண்டாந்தோம்னு நீயே ஒத்துக்கிட்டதா சொல்றாரு."

எந்த மஞ்சளை முகர்ந்து பூனை திரும்பிப் போனதோ அந்த மஞ்சளுக்காக! ஜெயம்மாவுக்குத் துபாஷியின் கன்னத்தில் நகத்தைப் பதிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. பதித்தால் அண்ணனோடு அவளும் கப்பலில் போவாள். அவ்வளவுதான் நடக்கும்.

வெளியே வந்ததும் கைருனிடம் கேட்டாள். "அவரு வாய் இல்லாம நான் பேசணும். எப்டிக்கா?"

"பேசாம பேசணும்னா காட்டத்தான் வேணும்."

அன்று பகல் முழுவதும் ஜெயம்மா ஏரியில் இறங்கித் தேடினாள். மழையில் நிறைந்த அகழிப் பள்ளத்தில் தவளைகள் முட்டையிட்டிருந்தன. சேற்றைக் கிளறி மட்டி எடுத்தாள். வயிற்றில் சினை ஒட்டிய நண்டு ஒன்று கிடைத்தது. கெளுத்தி வலையிலிருந்து ஓர் ஆண் கெளுத்தியைக் கேட்டு வாங்கினாள். அந்தச் சாதியில் முட்டையை வாயில் வைத்துக் காப்பது அப்பன்தான். குஞ்சு பொரிக்கும் வரை பட்டினி கிடக்கும்.

"நம்ம துபாஷி வாயில இது இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்றாள் கைருன். அந்த நிலைமையிலும் ஜெயம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை கிளிஞ்சல் ஓடுகளில் ஒவ்வொன்றாக வைத்து, ஒரு முறத்தில் வரிசையாக அடுக்கி எடுத்துப் போனாள். கப்பித்தானிடம் போகவில்லை. நேரே வைத்தியர் ஜானின் முன்னால் போய் முறத்தை இறக்கினாள். சுப்பராயலு "ஏய், இன்னா இது?" என்று வந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விரலால் சுட்டினாள். முதல் ஓட்டில் மட்டியின் பால். வைத்தியர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பொடிப் பொடியாகத் தூள், ஒன்றிலும் மஞ்சள் திரண்டு நிற்கவில்லை. அடுத்தது நண்டுச் சினை. நடுவில் செம்மஞ்சள் உருண்டை, சுற்றிலும் தெளிந்த விளிம்பு. அடுத்தது தவளை. மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. ஒன்றைக் கவிழ்த்துவிட்டாள். சற்று நேரத்தில் அது தானாக உருண்டு கறுப்பை மேலே கொண்டுவந்தது. கனம் கீழே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வைத்தியர் "ஆ" என்றார். அந்தச் சொல்லுக்குத் துபாஷி தேவைப்படவில்லை. பிறகு கெளுத்தி முட்டை, நாவல்பழம் அளவு, முழுக்க மஞ்சள். பிறகு ஆமை. கடைசியில் கோழி.

மஞ்சளே இல்லாததிலிருந்து பெரிய மஞ்சள் உருண்டை வரைக்கும் ஏணி மாதிரி போகிற அந்த வரிசையை வைத்தியர் இரண்டு முறை முன்னும் பின்னும் பார்த்தார். முட்டை தெரிந்தவள் இவள்தான் என்று அவருக்குப் பட்டது. எழுந்து போய்க் கப்பித்தானைக் கையோடு அழைத்து வந்தார்.

ஜெயம்மா ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அதே பானையில் ஒரு ஆமை முட்டை, ஒரு கோழி முட்டை. ஒரே நேரம் போட்டு, ஒரே நேரம் எடுத்தாள். கோழி முட்டையை உரித்து நறுக்கினாள். வெள்ளை கெட்டியாகப் பளிச்சென்று நின்றது. ஆமை முட்டையைக் கிழித்தாள். மஞ்சள் கெட்டிப்பட்டிருந்தது. வெள்ளை விரலிடுக்கில் தண்ணீராக ஒழுகித் தரையில் சொட்டியது. சொட்டின கையை அப்படியே கிடங்குச் சுவரில், வழிந்து கிடந்த பூச்சின் மேல் வைத்துத் தடவினாள். பிறகு கப்பித்தானைப் பார்த்தாள்.

கப்பித்தானுக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் சுப்பராயலு வேகவேகமாகப் பேசினார். கைருன் கிசுகிசுத்தாள். "அவிக்கிறது வேற, சாந்து வேறன்றாரு. ஆமை வெள்ளை நல்லாத்தான் புடிக்குமாம். நம்ம கை சுத்தமில்லாம மஞ்சளக் கலந்துட்டமாம்."

கப்பித்தான் யோசித்துவிட்டு ஏதோ உத்தரவு போட்டார். கொத்தனார் அங்கமுத்துவைக் கூப்பிட்டார்கள். அதே சுண்ணாம்பு, அதே சுவர். ஒரு முழம் ஆமை வெள்ளையில், ஒரு முழம் கோழி வெள்ளையில். காய விட்டு மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது.

சாமான் அறையில் மிஞ்சியிருந்த கோழி முட்டைகளைச் சுப்பராயலு ஆள் விட்டு எடுத்துவரச் செய்தார். ஜெயம்மா எல்லோர் முன்னாலும் உடைத்தாள். ஒன்றில் மஞ்சள் உருண்டு நிற்காமல் தோசை மாவு மாதிரிப் பரந்தது. தோல் கிழிந்து ஒரு நூல் அளவு மஞ்சள் வெள்ளையில் இறங்கியது. பார்த்தாள். கப்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தார், துபாஷி பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொரு முட்டை கொடுங்கள் என்று கேட்டால் கை சுத்தமில்லை என்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரு நூல்தானே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு முழமும் பெயர்ந்து வந்தன.

சுப்பராயலு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கப்பித்தான் எழுந்துவிட்டார். கடற்பக்கம் கொடி மெல்லப் படபடத்தது. மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது.

ஜெயம்மா சுவரடியில் குந்தினாள். அந்த ஒரு நூல். அண்ணனைக் கடலுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்ட கை தன்னுடைய கைதான். மாமியார் அடித்தபோதுகூடத் தன் மேல் இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. பெயர்ந்த சாந்தை எடுத்து விரலில் தேய்த்தாள். பிசுபிசுத்தது. நேரே சாமான் அறைக்கு ஓடி, மிச்சமிருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். மஞ்சள் நடுவில் நிற்கவில்லை. மேலே மிதந்து ஓட்டோடு ஒட்டிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். கழிச்சலுக்கு முன்னால் வந்த முட்டைகள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து உள்ளே தளர்ந்து போனவை.

வைத்தியரின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக வெயிலுக்கு அழைத்துவந்து காட்டினாள். ஒரு முட்டையை உடைத்தாள். பரந்தது. பரந்ததைக் காட்டி, சாந்தைக் காட்டி, தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். என் தப்பு, பார்த்தேன், விட்டுவிட்டேன். பிறகு ஒரு விரலை நீட்டினாள். இன்னும் ஒரு நாள்.

வைத்தியர் தானும் ஒரு முட்டையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கப்பித்தானிடம் போய் ஏதோ சொன்னார். இருவரும் குரலை உயர்த்திக்கொண்டார்கள். திரும்பி வந்து சூரியனைக் காட்டி, உச்சியில் கையை நிறுத்தினார். நாளை உச்சிப்பொழுது வரைக்கும்.

புது முட்டைக்கு எங்கே போவது? பழவேற்காடு முழுக்கத் தேடினாலும் முட்டையிடுகிற கோழி மூன்றுதான். கைருன் வீட்டுக் கோழிகள். அவை இட்டதைப் பதினோரு முட்டையாகச் சேர்த்து, அடை வைக்க வேண்டி அபூபக்கர் உமி போட்டு வைத்திருந்தார். அதிலிருந்துதான் மறுபடி கூண்டு நிறைய வேண்டும்.

ஜெயம்மா கேட்கவில்லை. வாசலில் நின்றாள். உள்ளே பேச்சு கேட்டது.

"வாணாம்னு சொல்றேன் கைருன். துபாஷியப் பகைச்சிக்கிட்டு இந்த ஊர்ல யார்கிட்ட வியாபாரம் பண்றது? இதையும் எடுத்துட்டா நமக்கு என்ன இருக்கு?"

"கோழி இருக்கு, நாளைக்கும் முட்டை போடும். நீலமேகத்தக் கப்பல்ல ஏத்திட்டா எந்தக் கோழி அவனப் போடும்?"

கைருன் உமிக்கூடையோடு வெளியே வந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் பின்னாலிருந்து அபூபக்கர் குரல் கேட்டது. "ஆட்டாம எடுத்துட்டுப் போங்க ரெண்டு பேரும்! மஞ்சள் கலங்கிடப் போவுது!"

பதினொன்றையும் ஒவ்வொன்றாக ஜெயம்மா வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் நடுவில் அசையாமல் நின்ற ஒன்பதை எடுத்தாள், சந்தேகம் வந்த இரண்டை ஒதுக்கினாள். சுப்பராயலு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, ஒதுக்கிய இரண்டில் ஒன்றை அவர் கைக்கு நேரே நீட்டினாள். அவர் பதறி இரண்டடி பின்னால் போனார். கப்பித்தான் அதைப் பார்த்தார். வெள்ளைச் சட்டிகளைச் சோதித்து வாங்கும் பொறுப்பில் இருந்த மனிதர் ஒரு முட்டைக்குப் பின்வாங்குவதை அவர் முதல்முறை பார்க்கிறார் போலிருந்தது. துபாஷியிடம் ஒரு கேள்வி கேட்டார். சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னாக்கா கேட்டாரு?"

"நீ ஆமை முட்டைய உடைச்சாவது பாத்தியான்னு" என்றாள் கைருன்.

ஒன்பது முட்டையில் ஒரு துளி மஞ்சள்கூட இறங்கவில்லை. அங்கமுத்து ஆமை முழத்துக்கும் கோழி முழத்துக்கும் புதிதாகச் சாந்தைக் குழைத்து, பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை இழைத்தார். ஒன்றும் பேசாத மனிதர். கிளம்பும்போது மட்டும், "கல்லு கைல ஒட்டல. நல்லது" என்றார்.

மறுநாள் காலையில் மேற்குக் காற்று நன்றாகவே எழும்பிவிட்டது. கப்பலிலிருந்து ஆள் வந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். கப்பித்தான் தன் கையாலேயே குடத்தை வாங்கி ஊற்றினார். ஆமை முழம் விரல் பட்டதும் வழிந்தது. கோழி முழத்தின் மேல் தண்ணீர் முத்து முத்தாக ஓடி இறங்கியது. சாவியால் கீறினார். நகத்தால் சுரண்டினார். இரண்டாவது குடமும் ஊற்றினார். சுவர் வாயே திறக்கவில்லை.

மன்னிப்பு என்று ஒன்றை ஜெயம்மா எதிர்பார்க்கவில்லை, அது வரவும் இல்லை. கப்பித்தானுக்கு நியாயம் தேவைப்பட்டதா, மழைக்கு முன்னால் ஒரு நல்ல கிடங்கு தேவைப்பட்டதா என்று கேட்டால் இரண்டாவதுதான். எதற்காக என்றாலும் கதவு திறந்தது. நீலமேகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தான். மணிக்கட்டில் கயிறு அறுத்த புண்.

"நம்ம நைனா சாவும்போதுகூட நீ இவ்ளோ மோசமா இல்ல" என்றான் தங்கையின் முகத்தைப் பார்த்து. அப்போதுதான் அவள் அழுதாள்.

சுப்பராயலு வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "கிடங்கு முழுக்க மறுபடி பூசணும்மா. எந்த முட்டை ஆகும், எது ஆகாதுன்னு இனிமே நீதான் பாத்துச் சொல்லணும்னு உத்தரவு."

"சொல்றேன். ஆனா மஞ்சள் மட்டும் கூலி இல்ல. ஒவ்வொருத்திக்கும் தெனம் படி அரிசி. ஆமை முட்டைய யாரும் தோண்டக் கூடாது. கோழி பெருகற வரைக்கும் வேல நிக்கட்டும். நான் சொன்னத அப்டியே சொல்லுங்க. அக்காவுக்குக் காது இருக்கு."

கைருன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு துபாஷிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுப்பராயலு சொன்னார். அவள் கடைசி வரை கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். அரிசி அரைப்படி ஆயிற்று. மற்ற இரண்டுக்கும் கப்பித்தான் சரி என்றார்.

தோணியில் ஏறியபோது கடலில் கப்பல் பாய் விரித்திருந்தது. அதன் வயிற்றுக்குள் எத்தனை பேர் என்று அங்கிருந்து தெரியவில்லை. அவர்களுக்காக யாரும் முறம் சுமந்து வந்திருக்கவில்லை. ஜெயம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கும் வரைக்கும்.

"கோட்டை உள்ள இன்னொருத்தன் இருக்கான்" என்றான் நீலமேகம், கோலை ஊன்றியபடி. "கிருஷ்ணன்னு பேரு. ஊரு ஆரம்பாக்கம். அடைச்சு பத்து நாள் ஆவுதாம். காய்ச்சல்ல கெடக்கறதால இந்தக் கப்பல்ல ஏத்தல. வூட்ல சொல்லிடுன்னான்."

"அடுத்த கப்பல் எப்போ?"

"ஐப்பசி கழிச்சுன்னு காவக்காரன் பேசிக்கினான்."

ஆறு மாதத்துக்கு மேல். ஜெயம்மா எழுந்து பாய்க்கயிற்றை அவிழ்த்தாள். மேற்குக் காற்றுக்கு எதிராக ஆரம்பாக்கம் போய்ச் சேரப் பொழுது போய்விடும். வீட்டில் சோறு ஆக்கி வைத்து யாரும் காத்திருக்கவும் இல்லை.

"அப்ப தோணிய அங்க வுடுண்ணா. போற வழில சொல்லு. அவன எதுக்குப் புடிச்சாங்க? யாரு இன்னா சொன்னாங்க? மொதல்லேர்ந்து சொல்லு."